தரை தட்டிய சம்பந்தி

சாரூன் எந்த ஊரில் பிறந்தார் என்பதில் இரண்டு ஊர்களுக்கிடையே இன்றுவரை தகராறு தீரவில்லை. பெரிய மனிதர்கள் விஷயத்தில் இது சகஜம். எங்கள் ஊர்தான், இல்லை எங்கள் ஊர்தான் என்று இரு தரப்பும் உரிமை கொண்டாடும். சாரூன் விஷயத்தில் தகராறு கொஞ்சம் தலைகீழ். எங்கள் பிரெக் ஸ்லாக்காரர்கள் அவர் மேற்கே இருக்கும் ஊரில் பிறந்தவர் என்று சாதிக்கிறார்கள். மேற்கே இருப்பவர்கள், அப்படியொரு பெருமை தங்களுக்கு வேண்டாம், பிரெக் ஸ்லாவே வைத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறார்கள்.

நடந்தது இதுதான். தொன்லே சாப் ஏரியில் தண்ணீர் வடியும் பருவம். சாரூனின் அப்பா, மிதக்கும் வீட்டைப் படகின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஓர் ஊரின் கடைசி வீட்டைத் தாண்டி, அடுத்த ஊரின் முதல் வீடு கண்ணுக்குத் தெரிவதற்குள் உள்ளே குழந்தை பிறந்துவிட்டது. அப்பா படகை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் பிள்ளைக்கு ஒரு முகவரியாவது கிடைத்திருக்கும்.

அந்த முகவரி கடைசிவரை கிடைக்கவே இல்லை.

தரையில் வாழும் மக்கள் பரிதாபத்துக்குரியவர்கள். பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்டாலும் மறுநாள் காலையில் அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதனால்தான் அவர்கள் மதில் சுவர், நீதிமன்றம், வாய் நிறையச் சிரிப்பு போன்றவற்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏரியில் இவை எதுவும் தேவையில்லை. வீடு மூங்கில் கட்டுகளின் மேல் மிதக்கிறது. சேற்றில் ஊன்றிய கழிகளைப் பிடுங்கி, மரத்தில் கட்டிய கயிற்றை அவிழ்த்து, படகு மோட்டாரை முடுக்கினால் சண்டை முடிந்தது. ஊரில் எல்லோருக்கும் இந்தச் சுதந்திரம் உண்டு. ஆயுளில் ஒருமுறையோ இருமுறையோ பயன்படுத்துவார்கள். சாரூன் அதைப் பல் குத்தும் குச்சி மாதிரி பயன்படுத்தினார்.

பக்கத்து வீட்டு ஒலிபெருக்கிக்காக ஒருமுறை இடம் பெயர்ந்தார். யாரோ பன்றிக் கூண்டைக் காற்று வரும் பக்கம் கட்டியதற்காக ஒருமுறை. ஒரு வீட்டு மைனா அவருடைய இருமலை அப்படியே இருமிக் காட்டியது. அன்று மதியமே கிளம்பிவிட்டார். மைனா மேல் வருத்தமில்லையாம், அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் வருத்தமாம். ஊர்த்தலைவர் அரசாங்கத்துக்காக ஊரின் படம் வரைந்தபோது எல்லா வீடுகளையும் பேனாவால் போட்டுவிட்டு, சாரூன் வீட்டை மட்டும் பென்சிலால் போட்டார்.

யாராவது நியாயம் கேட்டால் சாரூனிடம் பதில் தயாராக இருந்தது. மழைக்காலத்தில், ஏரியிலிருந்து கடலை நோக்கிப் போகும் ஆறு பாதியில் மனம் மாறித் திரும்பி வந்து ஏரிக்குள்ளேயே பாய்கிறது. ஏரி வீங்கிக் காட்டை விழுங்கி, வயலை விழுங்கி, மரங்களின் உச்சியில் மீன் மேய்கிறது. மழை விட்டால் ஆறு மறுபடி மனம் மாறி வெளியே ஓடுகிறது. "இவ்வளவு பெரிய ஏரி வருஷா வருஷம் கோவிச்சுக்கிட்டுத் திரும்புது, யாரும் ஒண்ணும் சொல்லல. நான் நாலு கழி தள்ளிப் போனா மட்டும் பேச்சா?" என்பார். ஏரியைக் குறை சொல்ல எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.

அவர் மனைவி சோபீப், கணவனின் குணத்தை மாற்றும் முயற்சியைத் திருமணமான புதிதிலேயே கைவிட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக ஒரு திறமையை வளர்த்துக்கொண்டாள். அவர் மூக்கு நுனி சிவப்பதைப் பார்த்தால் போதும், ஆணியில் மாட்டிய பாத்திரங்களை இறக்கித் தரையில் வைத்துவிடுவாள். வீடு நகர ஆரம்பிக்கும்போது ஒரு தட்டுகூட விழாது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தால் அது ஓர் இடத்தில் கொதிக்க ஆரம்பித்து இன்னோர் இடத்தில் இறக்கப்படும். அவ்வளவுதான்.

இவர்களுக்கு ஒரே மகள், மலிஸ். காலையில் படகில் நூடுல்ஸ் சூப் விற்பவள். வீடு வீடாகப் போய் வாசல் தேடி விற்கும் அவளுக்குத் தன் வீட்டு வாசலைத் தேடுவதுதான் சில நாள் சிரமமாக இருக்கும். காலையில் கிளம்பிய இடத்தில் மதியம் வீடு இருக்காது. அக்கம்பக்கத்தில், "எங்கப்பா எந்தப் பக்கமாப் போனார் சித்தி?" என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டு, காட்டிய திசையில் துடுப்புப் போடுவாள்.

அப்படித் துடுப்புப் போட்டுத் திரிந்ததில்தான் விசாலைப் பார்த்தாள். கிம்லெங்கின் இரண்டாவது மகன். தினமும் ஒரு கிண்ணம் சூப் குடிக்கிறவன் இரண்டு கிண்ணம் குடிக்க ஆரம்பித்தான். மூன்றாவது கிண்ணத்தில் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

கிம்லெங் சாதாரண ஆள் அல்ல. மூங்கிலைச் சீவித் தட்டி கட்டுவதில் ஏரியின் இந்தக் கரையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்வார். தண்ணீரில் தட்டிகளை வேலியாக ஊன்றி, மீன்களை வழி நடத்திக் கூட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். சாரூனுக்கும் அதே தொழில்தான். ஏரியின் இந்தக் கரையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரும் சொல்வார். எப்போதும் வெள்ளைச் சட்டை போடும் கிம்லெங், மீன் அறுக்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டார். அந்தச் சட்டையில் ஒரு செதில்கூட ஒட்டியதில்லை என்பது சாரூனுக்குப் பல வருட உறுத்தல்.

ஆனாலும் பெரியவர்கள் பேசினார்கள், வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். முகூர்த்தம் பார்க்கும் ஆச்சார் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துப் புத்தாண்டுக்கு முன்னால் ஒரு நாள் குறித்தார். எங்கள் வழக்கப்படி திருமணம் பெண் வீட்டில். மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டுகளோடு ஜோடி ஜோடியாக ஊர்வலம் வந்து பெண் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பெண்ணின் அப்பா தட்டுகளைப் பார்த்துத் திருப்தியாகி உள்ளே அழைக்க வேண்டும். அதற்கு அடிப்படைத் தேவை ஒன்றே ஒன்றுதான்: பெண் வீடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆச்சாரே சாரூனைத் தனியாக அழைத்து, திருமணம் முடியும்வரை யாரோடும் மனஸ்தாபம் வேண்டாமே என்று கேட்டுக்கொண்டார். சாரூன் தலையாட்டினார்.

பிறகு ப்ரஹொக் பருவம் வந்தது.

தண்ணீர் வடியும்போது ரியெல் மீன் கூட்டம் கூட்டமாக வரும். பொடி மீன். நாட்டுப் பணத்துக்கும் அதே பெயர்தான். இரண்டும் கையில் நிற்காமல் வழுக்கும். தலையை அரிந்து, கூடையில் போட்டுக் காலால் மிதித்து, கழுவி, உப்பிட்டு, இடித்துச் சாடியில் அடைத்துப் புளிக்கவைத்தால் ப்ரஹொக். அது இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. பட்டணத்திலிருந்து வருகிற அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினால் அந்த வீட்டு ப்ரஹொக் நல்ல ப்ரஹொக்.

கிம்லெங் வந்தார். சம்பந்தியின் சாடியைத் திறந்தார். முகர்ந்தார். கொஞ்சம் யோசித்து, மறுபடி முகர்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு சம்பந்தி," என்றார். "வாசனைதான் கொஞ்சம் கம்மி."

ஒரு பாடகனிடம் போய், நீங்கள் பாடும்போது பக்கத்தில் நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்று சொல்வதற்கு இது சமம். சோபீப் சாரூனின் மூக்கைப் பார்த்தாள். எழுந்து போய்ப் பாத்திரங்களை இறக்க ஆரம்பித்தாள். கிம்லெங்கின் படகு அவர் வீட்டை அடைவதற்குள் சாரூனின் வீடு புறப்பட்டுவிட்டது.

இந்த முறை அவர் கொஞ்சம் தூரமாகவே போனார். ஏரிக்கரைக் காட்டுக்குள் எருமைக்கொம்பு மாதிரி வளைந்து ஒரு மடு உண்டு. மற்றவர்கள் எல்லாம் வீட்டை வெளிநீருக்கு இழுத்துக்கொண்டிருக்கும் பருவத்தில், சாரூன் எதிர்த்திசையில், மடுவின் உள்முனைக்கு இழுத்துப்போய்க் கட்டினார். அங்கே கிம்லெங் முகம் தெரியாது. வடிகிற தண்ணீரில் மாட்டிக்கொண்ட விரால்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கையை விட்டால் மீன். சாரூனுக்குத் தன் கோபம் லாபகரமானது என்ற எண்ணமே வந்துவிட்டது.

தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. முதலில் சோபீப் சொன்னாள். பிறகு மரங்களின் அடித்தண்டு தெரிய ஆரம்பித்தது. அவையும் தம் பங்குக்குச் சொல்லின. கிம்லெங் வந்து ஒரு வார்த்தை சொன்னால் திரும்பத் தயார் என்று சாரூன் முடிவாகச் சொல்லிவிட்டார். போனவர்தான் திரும்பி வர வேண்டும், இருக்கிற இடத்தில் இருக்கிறவன் எங்கே வருவது என்று கிம்லெங் கேட்டார். இந்தச் செய்திகளையெல்லாம் சூப் படகில் ஏற்றி அங்குமிங்கும் கொண்டுபோனவள் மலிஸ். ஒருநாள் படகு மடுவின் வாயில் உரசி உரசி வந்ததும் அவள் அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா, உங்க கோவத்துக்குத் தண்ணி பத்தாது," என்றாள்.

"எனக்கு ஏரியத் தெரியும்மா."

"ஏரிக்கு உங்களத் தெரியுமான்னு கேட்டுக்குங்க."

இரண்டு நாள் கழித்துக் காலையில் சாரூன் கண் விழித்தபோது கிண்ணத்தில் இருந்த குழம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கிண்ணம் நேராகத்தான் இருக்கிறது என்று முதலில் நினைத்தார். குழம்புக்குத்தான் ஏதோ கோளாறு. பிறகு எழுந்து நடந்தார். வீடு ஆடவில்லை. பிறந்ததிலிருந்து காலுக்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்த ஒன்று, திடீரென்று கல்லாகிவிட்டது. சாரூனுக்குத் தலை சுற்றியது. வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தார். கடலில் போகிறவர்களுக்கு ஆட்டத்தால் வருவது, அவருக்கு ஆடாததால் வந்தது. கீழே பார்த்தார். தண்ணீர் இருந்த இடத்தில் சேறு. வீடு அதில் ஒரு ஓரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தது. மடுவில் மிச்சமிருந்த தண்ணீர், கணிசமான தூரம் தள்ளி, அவரைத் தெரியாத மாதிரி மினுங்கியது.

செய்தி ஊருக்குப் போக வெகுநேரம் ஆகவில்லை. மதியத்துக்குள் மடுவின் வாயில் படகுகள் வரிசையாக வந்து நின்றன. சிலர் குழந்தைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். ஒருத்தி வெற்றிலைப் பெட்டியோடு வந்து வசதியாக உட்கார்ந்தாள்.

"சாரூன் அண்ணே, மனை வாங்கிட்டீங்கன்னு சொன்னாங்க. சொல்லவே இல்ல?"

"பத்திரம் பதிஞ்சாச்சா?"

"கிழக்குப் பார்த்த வாசல் போல. கொஞ்சம் ஆகாசத்தையும் பார்க்குது."

ஊர்த்தலைவரும் வந்தார். அன்று அவர் வீட்டுக்குத் திரும்பியதும் படத்தை எடுத்துப் பென்சில் கோட்டின் மேல் பேனாவை ஓட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கேலியைச் சாரூன் தாங்கிக்கொண்டார், பழக்கம்தான். தாங்க முடியாதது வேறு. குறித்த நாளுக்கு அதிக நாள் இல்லை. அந்த நாளை விட்டால் புத்தாண்டு, அதன் பின் ஆகாத மாதம், பிறகு பிக்குகளின் மழைக்கால விரதம். விரதம் முடிகிறவரை திருமணப் பேச்சே கூடாது என்று ஆச்சார் கை விரித்தார். அதுவரை யார் காத்திருப்பார்கள்? கிம்லெங்கின் மனைவி சந்தையில், ஐஸ் கடைக்காரர் வீடு எவ்வளவு அழகாக மிதக்கிறது என்று யாரும் கேட்காமலே பாராட்டியிருந்தாள். ஐஸ் கடைக்காரருக்கு ஒரு மகள் உண்டு.

உறவுக்காரர்கள் மூன்று படகுகளைச் சேர்த்துக் கட்டி, நீளக் கயிறு போட்டு வீட்டை இழுத்துப் பார்த்தார்கள். மோட்டார்கள் அலறின. கயிறு விறைத்தது. ஏதோ ஒன்று பெரிய சத்தத்தோடு பெயர்ந்து கிளம்பியது, கூட்டம் கைதட்டியது. கிளம்பியது வீட்டின் முன்தளம் மட்டும். அது பூந்தொட்டிகளையும் நாயையும் ஏற்றிக்கொண்டு சேற்றில் வழுக்கித் தண்ணீரில் இறங்கி மிக அழகாக மிதந்தது. நாய் திரும்பி வீட்டைப் பார்த்தது. மீதி வீடு அங்கேயே இருந்தது.

அன்றிலிருந்து மலிஸ் அப்பாவைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டாள், மீன் அரிந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். குரலில் ஒன்றுமில்லை. சாரூன் வேண்டுமென்றே அவள் காதில் விழும்படி ஐஸ் கடைக்காரரைப் பற்றி இரண்டு வார்த்தை தவறாகச் சொல்லிப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. ஊர் முழுக்கச் சிரித்தபோது வராத பயம், அப்போதுதான் அவருக்கு வந்தது. தன் மகளுக்கு வாய்த்த நல்லதைத் தான் இழுத்துக்கொண்டு வந்து சேற்றில் கட்டிவிட்டோம் என்பது புரிந்தது. புரிந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

திருமணத்துக்கு முந்தின நாள் காலை அவர் பரணிலிருந்து தட்டிச் சுருள்களை இறக்கினார். மீன் வேலிக்கு வைத்திருந்தவை. அடுத்த பருவத்துப் பிழைப்பு. சோபீப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனுக்கா?" என்றாள்.

"மீன் கிடக்குது."

சேற்றில் இறங்கினார். முதல் சுருளை வாசலில் விரித்தார். அதன் மேல் ஏறி நின்று அடுத்ததை விரித்தார். தட்டி மேல் நடந்தால் ஆள் புதையவில்லை. வீட்டிலிருந்து தண்ணீர்வரை பாதை போட்டுவிட்டால், ஊர்வலம் படகிலிருந்து இறங்கி நடந்து வரலாம். வருவதற்கு அவர்களுக்கு மனமிருந்தால்.

சிறிது நேரம் கழித்து நிமிர்ந்தவர், எதிர்ப்பக்கம் தண்ணீர் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை குனிந்திருப்பதைக் கண்டார். கிம்லெங்கும் தட்டிச் சுருள்களோடு வந்திருந்தார். ஊர்வலம் வராவிட்டால் நான் தனியாகச் சேற்றில் நடந்து போய் அந்த வீட்டில் உட்கார்ந்துகொள்வேன் என்று விசால் சொல்லியிருக்கிறான். தன் மகன் இடுப்பளவு சேற்றோடு, தட்டில்லாமல், துணையில்லாமல், மாப்பிள்ளையாகப் போய் நிற்பதைக் கிம்லெங்கால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிடப் பாதை போடுவது கௌரவம்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அதாவது, பார்த்தார்கள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தலை குனிந்தபடி இரு பக்கமிருந்தும் விரித்துக்கொண்டே வந்தார்கள். சாயங்காலம் நடுவில் வந்து சேர்ந்தபோது, சேரவில்லை.

காரணம் எளிது. மீன் வேலியை யாரும் கடைசிவரை நேராகப் போடுவதில்லை. நேராகக் கொண்டுபோய், முனையில் உள்பக்கமாக வளைக்க வேண்டும். முட்டிக்கொண்ட மீன் திரும்பும், திரும்பித் திரும்பிக் கூட்டுக்குள் போய் விழும். இருவர் கைகளும் ஆயுள் முழுக்கச் செய்தது அதைத்தான். நாளைக்கு நடக்கப்போவது மனிதர்கள் என்று தலைக்குத் தெரிந்திருந்தது. கைகளுக்கு யாரும் சொல்லவில்லை. சாரூன் தன் இடக்கைப் பக்கம் அழகாக வளைத்திருந்தார். எதிரே கிம்லெங்கும் தன் இடக்கைப் பக்கம் அழகாக வளைத்திருந்தார். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தாண்டி, எதிரெதிர்த் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. நடுவில் நல்ல அகலத்துக்குச் சேறு. இருவரிடமும் ஒரு சுருள்கூட மிச்சமில்லை. விரித்தவை புதைந்து இறுகிவிட்டன. பிடுங்கினால் பிய்ந்துதான் வரும்.

"மாப்பிள்ளை பொறியில விழுந்தாச்சுடா," என்று படகுகளிலிருந்து ஒரு குரல் வந்தது.

"உங்க பக்கம் வளைஞ்சிருக்கு," என்றார் கிம்லெங்.

"வளைஞ்சது உங்களுது. என்னுது கோடு போட்ட மாதிரி இருக்கு."

"கோடா இது? விரால்கூட இதப் பார்த்தாத் திரும்பிப் போயிடும்."

"உங்க வேலிக்கு வர்ற மீனுக்குத் திரும்பவாவது தெரியுமா?"

கிம்லெங் ஒரு அடி முன்னால் வைத்தார். தட்டி முடிந்துவிட்டது அவர் நினைவில் இல்லை. சாரூன் அதைப் பார்க்க நிற்கவில்லை. மூக்கு சிவந்து, விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினார். நேராகப் பின்பக்கம் போய் மூலைக் கழியைப் பிடித்து ஆட்டினார். பல வருடப் பழக்கம். கழி உறிஞ்சும் சத்தத்தோடு கையோடு வந்தது. வீடு வரவில்லை.

சோபீப் சாய்வான அடுக்களையில் மேட்டுப்பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாத்திரங்களை அவள் இறக்கவில்லை.

"எங்க போறதா உத்தேசம்?" என்றாள்.

சாரூன் கழியோடு நின்றார். அவர் வாழ்க்கையில் ஒரு சண்டைக்குப் பிறகு இரண்டாவது எண்ணம் தோன்றும்வரை ஒரே இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. முதல் எண்ணம் தோன்றும்போதே வீடு நகர்ந்துவிடும். இரண்டாவது எண்ணம் பழைய இடத்துக்கு வந்து தேடிவிட்டுப் போய்விடும். இப்போது அது நேராக வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. தாழ்ந்த மூலையில் மலிஸ் உட்கார்ந்து, நாளைக்கு விருந்தாளிகளுக்கான கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வைக்கிற கிண்ணமெல்லாம் சரிந்து அவளிடமே திரும்பி வந்தது. அவள் மறுபடி துடைத்தாள். நிமிரவில்லை.

சாரூன் கழியைக் கீழே வைத்தார். அடுக்களைச் சுவர் தட்டியின் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தார்.

"அடுப்புக்குக் காத்தடிக்கும்," என்றாள் சோபீப்.

"அடிக்கட்டும்."

முழுச் சுவரையும் பெயர்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு தட்டிப் பாதையில் நடந்தார். கிம்லெங் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மரியாதைக்காக நிற்கிறார் என்று சாரூன் ஒரு கணம் நெகிழ்ந்தார். கிட்டத்தில் போனபோதுதான் தெரிந்தது, அவர் விழுந்து எழுந்து தொடைவரை புதைந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் முதல் பித்தானிலிருந்து கடைசிப் பித்தான்வரை ஏரியின் அடிமண். பல வருடங்களாகச் சாரூன் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இல்லை என்பது அவருக்கே ஆச்சரியம்.

"சம்பந்தி," என்றார் சாரூன், "அந்த ஓரத்தப் பிடிங்க."

கிம்லெங் சுவரைப் பார்த்தார். தூரத்தில், ஒரு பக்கம் திறந்து கிடந்த அடுக்களையைப் பார்த்தார்.

"சாய்ச்சு இறக்குங்க," என்றார். "இன்னும் கொஞ்சம். ஆங்."

சுவர் இரண்டு முனைகளுக்கும் நடுவில் குறுக்காக விழுந்து பொருந்தியது. அதன் மேல் மண்டியிட்டுச் சாரூன் சம்பந்தியின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். முதலில் ஒரு கால் வந்தது, பிறகு மறு கால். செருப்புகள் வரவில்லை, இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

மறுநாள் விடிந்தபோது சாரூன் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, முன்தளம் இல்லாத வாசலில் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். மேள சத்தம் கேட்டது. படகுகள் மடுவின் வாயில் தெரிந்தன. தட்டுகளோடு ஆட்கள் இறங்கினார்கள். ஜோடி ஜோடியாக வர வேண்டும் என்பது வழக்கம். தட்டியின் அகலமோ ஒரு ஆளுக்குத்தான். ஆச்சார் சிறிது யோசித்து, ஒருவர் பின் ஒருவராக நிற்கிற ஜோடியும் ஜோடிதான் என்று தீர்ப்புச் சொன்னார். வாழைப்பழத்தின் பின்னால் வாழைப்பழம், பம்பளிமாஸின் பின்னால் பம்பளிமாஸ். நடுவில் விசால், சேறு படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, அடியடியாக.

நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். பாதி தூரத்தில் ஊர்வலம் சற்று ஒதுங்கியது. இன்னும் ஒதுங்கியது. பிறகு, மேளத்தோடு, பழங்களோடு, மாப்பிள்ளையோடு, முழுசாக முதுகைக் காட்டித் திரும்பி ஏரியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

சாரூன் அவர்கள் போகும் திசையை எட்டிப் பார்த்தார். ஐஸ் கடைக்காரர் வீடு அந்தத் திசையில்தான். கிம்லெங் கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டார். மாறாமல் என்ன செய்வார், அத்தனை பேர் பார்க்கச் சேற்றில் புதைந்த மனிதர். சாரூன் கையை விளிம்பிலிருந்து எடுத்தார். ஓடிப் போய்க் காலில் விழுவது என்று முடிவு செய்து ஒரு காலைச் சேற்றில் வைத்தும்விட்டார்.

"ஏங்க," என்று உள்ளேயிருந்து சோபீப் கூப்பிட்டாள். சுவர் இல்லாத அடுக்களையிலிருந்து அவளுக்கு எல்லாம் தெரிந்தது. "வளைவுல போறாங்க. நீங்க ரெண்டு பேரும் போட்ட வளைவுதானே."

முன்னால் போன ஆச்சார் அடுக்களைச் சுவரை மிதித்தார். அதில் குறுக்காக நடந்தார். மறுபக்கத்து வளைவில் ஏறினார். ஊர்வலம் ஒவ்வொரு ஜோடியாக, மெதுவாக, மறுபடி வீட்டைப் பார்த்துத் திரும்பியது. விசாலின் முகம் தெரிந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் கிம்லெங், புது வெள்ளைச் சட்டையில், இதெல்லாம் எப்போதும் நடப்பதுதான் என்ற முகத்தோடு வந்தார்.

சாரூன் ஒரு காலில் சேறும் ஒரு காலில் பட்டுமாக வாசலுக்கு ஏறினார். தட்டுகளைப் பார்த்தார். ஒரு துரியன் வழியில் விழுந்து மண் பூசிக்கொண்டு வந்திருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் பெண்ணின் அப்பா தட்டுகளில் ஏதாவது குறை கண்டுபிடித்துக் கொஞ்சம் பிகு செய்ய வேண்டும். எல்லோரும் காத்திருந்தார்கள், சாரூன் இதில் வல்லவர் என்று பெயர்.

"வாங்க, வாங்க, உள்ள வாங்க," என்றார்.

விருந்தாளிகள் அனைவரும் தாழ்ந்த மூலையில் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்து உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்தார்கள். மணமக்கள் கையில் நூல் கட்டினார்கள். மணமக்களை அறைக்கு அழைத்துப் போகும் நேரம் வந்தது. மலிஸ் முன்னால் நடந்தாள். வழக்கப்படி அவள் மேலாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு விசால் பின்னால் நடந்தான். அறை மேட்டுப்பக்கம். மற்ற திருமணங்களில் மாப்பிள்ளை அந்த நுனியைச் சம்பிரதாயத்துக்குப் பிடிப்பான். இவன் வழுக்காமலிருக்க உண்மையாகவே பிடித்திருந்தான். பாதி ஏற்றத்தில் மலிஸ் நின்று திரும்பினாள்.

"அப்பா, அந்தச் சேத்துக் காலோட பாய்ல மிதிக்காதீங்க. எத்தன தடவ சொல்றது?"

அவள் திட்டி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. சாரூன் காலைப் பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைக்க வேறு காரணம் தேடினார். அடுக்களைப் புகையைச் சொல்லலாம் என்றால் சுவர் இல்லாததால் புகையே இல்லை.

சாயங்காலம் விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். கிம்லெங் கடைசியாகத் தட்டிப் பாதையில் கால் வைத்தார். நாலடி போய் நின்றார்.

"இதப் பிடுங்கிடலாமா, மழை வர்றவரைக்கும் இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்," என்றார் சாரூன். "ஆனா நடமாட்டம் இல்லாட்டி வெயில்ல காஞ்சு நிமிந்துக்கும். அடிக்கடி யாராவது நடந்தாத்தான் படிஞ்சு கிடக்கும்."

கிம்லெங் தொழில்காரராகத் தட்டியைக் குனிந்து பார்த்தார். "அப்ப நான் வரணும்ங்கிறீங்க."

"வர முடியலேன்னா நான் வர்றேன்."

கிம்லெங் தலையாட்டிவிட்டு நடந்தார். வளைவில் அவர் முதுகு தெரிந்தது, பிறகு முகம் தெரிந்தது, மறுபடி முதுகு. படகில் ஏறும்வரை சாரூன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, சோபீப் வைத்த சோற்றை, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மனிதர் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார்.